திரும்பும் வண்டிக்கு எத்தனை பேர்

‘பெலிசாந்து’ கப்பல்
லெ ஆவ்ர் துறைமுகம்
ஏப்ரல் 14, திங்கள்

அன்புள்ள ரெமி,

இதைக் கொண்டுவருபவர்கள் வேல்ஸ் நாட்டுத் தம்பதி. கணவருக்கு முழங்கால் தொல்லை, அந்த அம்மாவுக்கு அவர். ஜன்னலோர மேசையைக் கொடு.

குளிர்காலம் முழுவதும் கரீபியத் தீவுகளைச் சுற்றிவிட்டு மறுபடி இந்தப் பக்கம் வந்திருக்கிறோம். இனி அக்டோபர் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு திங்கள்கிழமை கப்பல் இங்கே நிற்கும். கடிதமும் சென்ற ஆண்டுகளைப் போலத்தான். நம் ஊர் எர்பெத்தோவுக்கு வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புகிறேன், நீ அவர்கள் கையிலேயே பதிலைக் கொடு. தொலைபேசி வேண்டாம். நாம் இருவரும் பேசாமல் இருப்பதற்கு எதற்குக் கட்டணம்?

வேலையில் மாற்றமில்லை. கரைப்பயண மேசையில் உட்கார்ந்து பாரிஸ் விற்கிறேன். மூன்று மணி நேரம் பேருந்தில் போகிறார்கள், ஈஃபில் கோபுரத்தைப் பேருந்தின் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள், அட்டைப்பெட்டியில் சாப்பிட்டுவிட்டு மூன்று மணி நேரம் திரும்பி வருகிறார்கள். பாரிஸ் பார்த்தாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். எப்போதாவது ஒருவர் மேசைக்கு வந்து, “கூட்டத்தோட போக வேண்டாம்மா. நாங்களா ஏதாவது சின்ன ஊரு பாத்துட்டு வர்றோம். எங்க போகலாம்?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார், மருந்துக்கடையில் கூச்சமான பொருளைக் கேட்பது போல. அவர்களுக்கு மட்டும் நான் வரைந்த நம் ஊர் வரைபடத்தை மேசைக்கடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறேன். கம்பெனிக்கு இது தெரியும். தெரியாதது போல இருக்கிறது.

வேல்ஸ்காரர்களிடம் வழக்கமானவற்றைச் சொல்லியிருக்கிறேன். நம் காப்பிக்கடை முன்னால் நடுரோட்டில் நம் நாய் ஒக்தாவ் படுத்திருக்கும், சுற்றிக்கொண்டு போகவும். ரொட்டிக்கடையில் ஆப்பிள் பஃப் சூடாகக் கிடைக்கும். நண்பகலில் தேவாலய மணி அடிக்கும். எல்லாம் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

இரு கன்னத்திலும் முத்தம், வழக்கப்படி,
நதேஜ்


எர்பெத்தோ
அதே திங்கள், மதியம்

அன்புள்ள நதேஜ்,

வேல்ஸ்காரர்கள் ஆம்லெட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடிப்பதற்குள் எழுதுகிறேன்.

எல்லாம் அப்படியே. ஒக்தாவ் நடுரோட்டில் படுத்திருந்தது. மணி அடித்தது. பஃப் சூடாக இருந்தது, அந்த அம்மா இரண்டு சாப்பிட்டார். கணவர் கல்லறைத் தோட்டம்வரை நடந்து பார்த்துவிட்டு, இதற்கு மேல் வேண்டாம் என்று திரும்பினார். மற்ற கடைகள் எல்லாம் மூடியிருந்தன. திங்கள்கிழமை, அதுவும் சாப்பாட்டு நேரம். ஊரே எவ்வளவு அமைதி என்று இருவரும் வியந்தார்கள்.

ஒரு மாற்றம் உண்டு. துறைமுகத்துக்குத் திரும்பும் பேருந்தை இந்த ஆண்டு நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் ஒரு சின்ன வேன், நாம் கூப்பிட்டால்தான் வரும். சனிக்கிழமை மதியத்துக்குள் போன் செய்ய வேண்டும். ஆகவே எத்தனை பேர் என்று மேயர் அலுவலகத்துக்கு நீ அனுப்பும் தகவலைச் சனிக்கிழமை காலைக்குள் அனுப்பிவிடு. போனில் ஒரு பெண் இருக்கிறாள்.

“எத்தனை பேரு? சக்கர நாற்காலி உண்டா? பிராணி ஏதாவது உண்டா? பிராணிக்கும் ஒரு சீட்டு எழுதணும்.”

“பன்றிக்குமா?”

“பன்றின்னா முன்னாடியே சொல்லிருங்க.”

பட்டியலில் இல்லாததை ஓட்டுநர் ஏற்ற மாட்டாராம். ஆக, இந்த ஊரைவிட்டுப் போக நினைப்பவர் இரண்டு நாள் முன்பே நினைத்தாக வேண்டும். நம் ஊரில் அவ்வளவு சீக்கிரம் யாரும் எதையும் நினைப்பதில்லை.

நான் நலமாக இருக்கிறேன் என்று நினைக்கிறேன். வேறு மாதிரி இருந்தால் எழுதுகிறேன்.

இரு கன்னத்திலும்,
ரெமி


‘பெலிசாந்து’ கப்பல்
லெ ஆவ்ர் துறைமுகம்
ஜூன் 9, திங்கள்

அன்புள்ள ரெமி,

இன்று வருபவர்கள் ஸ்காட்லாந்துச் சகோதரிகள். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆனால் தனித்தனியாகப் பயணம் செய்தால் அறை வாடகை கூடுதல்.

ஆளி வயலெல்லாம் நீலமாகப் பூத்திருக்கும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் உதிர்ந்துவிடும் என்பதைச் சொல்ல மறந்துவிட்டேன். அவர்கள் வந்து சேரும் நேரத்துக்கு வெறும் பச்சைதான் இருக்கும். நீ எப்படியாவது சமாளி. பள்ளிக்கூடச் சுவரில் இருக்கும் பழைய சூரியக் கடிகாரத்தையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன். லெ ஆவ்ரில் எனக்குக் கப்பலைவிட்டு இறங்க முடிவதில்லை. மற்றவர்கள் கரையைப் பார்க்கும் நாள்தான் எங்களுக்கு வேலை நாள். தாமாக ஊர் சுற்றப் போகிறவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவிப்பும் நான்தான் வாசிக்கிறேன். ‘குறித்த நேரத்துக்குள் திரும்பாதவர்களுக்காகக் கப்பல் காத்திருக்காது.’ இரண்டு மொழிகளில். என் குரல் இதற்குப் பொருத்தமாக இருக்கிறதாம்.

ஒரே ஒரு பருவம் என்று சொல்லித்தான் ஏறினேன். பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகள் போதவில்லை என்று மூடி, எனக்கு எங்கோ மாற்றல் போட்ட வருடம் அது. துறைமுகத்தில் நீ என் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, “படி பாத்து” என்றாய். பார்த்துத்தான் ஏறினேன். இது நான்காவது பருவம். ஏன் இன்னும் திரும்பவில்லை என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்காததால் மறந்துபோய்விட்டது.

இரு கன்னத்திலும், வழக்கப்படி,
நதேஜ்


எர்பெத்தோ
அதே திங்கள்

அன்புள்ள நதேஜ்,

சகோதரிகள் ஒரே மேசையில் தனித்தனியாகச் சாப்பிடுகிறார்கள். ரொட்டிக்கூடையை என் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறார்கள்.

ஆளிப்பூ இப்போதுதான் உதிர்ந்தது, ஐந்து நிமிடம் முந்தியிருந்தால் பார்த்திருக்கலாம் என்று சொன்னேன். ரொம்ப வருத்தப்பட்டார்கள். பார்த்திருந்தால்கூட இவ்வளவு திருப்தி இருந்திருக்காது.

சூரியக் கடிகாரத்தைச் சுத்தம் செய்வதற்காகத் துணி போட்டு மூடியிருக்கிறார்கள். அடுத்த முறை வருகிறவர்கள் பார்க்கலாம்.

மூத்தவர் என்னிடம் பிரியமாகப் பேசினார். “உங்க வீட்டம்மாவ இன்னைக்குக் காலைல பாத்தோமே! துறைமுகத்துக்குப் பக்கத்துல ஒரு சூப்பர்மார்க்கெட் இருக்கில்ல, அங்க. ஷாம்பூ வாங்கிட்டிருந்தாங்க. பாட்டில்ல எழுதியிருக்கறத எல்லாம் படிச்சுப் படிச்சு, ரொம்ப நிதானமா.” இளையவர் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தார். இன்று முழுவதும் அவர்களுக்குள் நடந்த உரையாடல் அது ஒன்றுதான்.

ஷாம்பூ நல்லதாக அமைந்ததா?

இரு கன்னத்திலும்,
ரெமி


‘பெலிசாந்து’ கப்பல்
லெ ஆவ்ர் துறைமுகம்
ஜூலை 7, திங்கள்

அன்புள்ள ரெமி,

ஷாம்பூ நன்றாக இருக்கிறது.

அந்தக் கடை கப்பல் ஏணியில் நின்றால் தெரியும். எர்பெத்தோ தெரியாது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று வைத்துக்கொள். துறைமுகத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதையும் சொல்லிவைக்கிறேன். உன் கார் ஓடுகிறதல்லவா?

போன தடவை வந்த ஓய்வுபெற்ற பொறியாளர், திரும்பியதும் நேராக என் மேசைக்கு வந்து படம் காட்டினார். பள்ளிக்கூடச் சுவரில் சூரியக் கடிகாரம். வட்டம், கதிர்கள், நடுவில் ஓர் இரும்புக் கம்பி, கீழே 1786 என்று வருடம். வருடம் நன்றாகவே மங்கியிருந்தது.

ரெமி, அந்தச் சுவருக்குப் பக்கத்தில் பதினோரு வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். அங்கே சூரியக் கடிகாரம் இருந்ததே இல்லை. அது வடக்குச் சுவர். அங்கே வெயிலே விழாது.

இல்லாத ஒன்றை நான் ஏன் சொன்னேன் என்று நீ கேட்க மாட்டாய். நானே சொல்லிவிடுகிறேன். நீ என்ன செய்கிறாய் என்று பார்க்கத்தான்.

நதேஜ்


எர்பெத்தோ
அதே திங்கள்

அன்புள்ள நதேஜ்,

கார் ஓடுகிறது. ஆனால் திங்கள்கிழமைகளில் நீ அனுப்புகிறவர்களை நான் கவனிக்க வேண்டியிருக்கிறது.

சூரியக் கடிகாரத்தை வரைந்தது மேயரம்மா ஒதில். அவர் ஒரு காலத்தில் பீங்கான் தட்டுகளில் பூ வரைந்தவர் என்பது உனக்குத் தெரியும். ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்.

“வருஷம் என்ன போடட்டும் ரெமி?”

“எதையாவது போடுங்க.”

“எதையாவதுன்னா? புரட்சிக்கு முன்னாடின்னு இருந்தாத்தான்யா மதிப்பு. பின்னாடின்னா எவன் நின்னு பாப்பான்?”

கீழே லத்தீனில் ஒரு வரி வேண்டும் என்றும் ஆசைப்பட்டார். பாதிரியாருக்குப் போன் செய்தோம். அவர் பொறுப்பில் இப்போது முப்பது ஊர்கள். “வண்டி ஓட்டிட்டிருக்கேன்” என்று வைத்துவிட்டார். அதனால் லத்தீன் இல்லை. உன் பொறியாளர் வானத்தைப் பார்த்தார், கையிலிருந்த திசைகாட்டியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன். “பிரான்சுல மட்டும்தான் இப்படி ஒண்ணு இருக்க முடியும்” என்று மனமுருகச் சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

எழுத ஆரம்பித்தாயிற்று, மீதியையும் எழுதிவிடுகிறேன். ரொட்டிக்கடை மூடி இரண்டு குளிர்காலம் ஆகிறது. வாசலில் ரொட்டி தரும் இயந்திரம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள், காசு போட்டால் நீள ரொட்டி விழும். ஆப்பிள் பஃப் சூப்பர்மார்க்கெட்டின் உறைபெட்டியிலிருந்து வருகிறது. நான் சூடாக்கித் தருகிறேன், ஒதில் ஏப்ரன் கட்டிக்கொண்டு பழைய ரொட்டிக்கடை ஜன்னல் வழியாக நீட்டுகிறார். தேவாலய மணியின் மோட்டார் எரிந்துபோயிற்று. அதையும் அவர்தான் மேலே ஏறி அடிக்கிறார், பஃப் வேலை இல்லாத நேரத்தில்.

ஒக்தாவ் நீ போன முதல் குளிர்காலத்திலேயே இறந்துவிட்டது. பேரிக்காய் மரத்தடியில் புதைத்தேன். இப்போது ரோட்டில் படுத்திருப்பது சுல்தான். அடுத்த ஊரில் பன்றி வளர்க்கும் லுசியனின் நாய். கப்பல் வரும் திங்கள்கிழமைகளில் காலையில் லுசியன் இறக்கிவிட்டுப் போகிறார், சாயங்காலம் அது வீட்டுக்குப் போய்விடும். ஒக்தாவ் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காது. பிஸ்கட் என்றால் பார்க்கும். போன தடவை ஓரமாகப் படுத்துவிட்டது. “அந்த நாய இன்னும் கொஞ்சம் நடுவுக்குத் தள்ளு ரெமி, ஓரமா கெடந்தா யாரு படம் எடுப்பா?” என்று ஒதில் மணிக்கூண்டிலிருந்து கத்தினார்.

ஏன் உன்னிடம் சொல்லவில்லை என்றால், அவர்கள் நீ சொன்னதை நம்பி வருகிறார்கள். திரும்பிப் போய், “நீங்க சொன்னது ஒண்ணுமே அங்க இல்லையே” என்று கேட்டால் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது நீதான்.

இரு கன்னத்திலும்,
ரெமி


‘பெலிசாந்து’ கப்பல்
லெ ஆவ்ர் துறைமுகம்
ஆகஸ்ட் 18, திங்கள்

அன்புள்ள ரெமி,

உன் கடிதத்தை மூன்று துறைமுகங்களில் படித்தேன். ஒவ்வொன்றிலும் அதே கடிதமாகத்தான் இருந்தது.

ஒக்தாவ் இறந்தது எனக்குத் தெரியும். இரண்டாவது பருவத்தின் முதல் திங்கள்கிழமையே ஒரு பயணி நாயின் படத்தைக் காட்டினார். அந்த நாய் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. ஒக்தாவுக்கு வால் கிடையாது. அன்று அழுவதற்கு ஓர் இடம் தேடினேன். இந்தக் கப்பலில் எல்லா இடத்திலும் பாட்டு ஒலிக்கிறது, லிஃப்டில்கூட. தேடிக்கொண்டிருக்கும்போதே பணி நேரம் வந்துவிட்டது. பிறகு அந்த அழுகை திரும்ப வரவில்லை. எங்காவது இறங்கிவிட்டது போலிருக்கிறது. அடுத்து வந்த பயணியிடமும் நாய் படுத்திருக்கும் என்றே சொன்னேன். படுத்திருந்தது என்று வந்து சொன்னார்.

அன்றிலிருந்து நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நீ செய்துகொண்டிருக்கிறாய். வீட்டில் இருந்தபோது நான் சொன்ன எதையும் நீ இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை. குறையாகச் சொல்லவில்லை. தகவலாகச் சொல்கிறேன்.

இன்று வருபவர்களிடம் ஒன்று கூடுதலாகச் சொல்லியிருக்கிறேன். காப்பிக்கடை மாடியில் பள்ளி ஆசிரியை குடியிருக்கிறார். நீங்கள் போனதும் ஜன்னலில் நின்று கையசைப்பார், பிறகு இறங்கிவந்து ஊரைச் சுற்றிக் காட்டுவார்.

நதேஜ்


எர்பெத்தோ
அதே திங்கள்

அன்புள்ள நதேஜ்,

நீ சொன்னதை இந்த முறை என்னால் செய்ய முடியவில்லை.

வந்ததும் வராததுமாக நான்கு பேரும் ரோட்டில் நின்று மாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் ஒதில் என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார்.

“இதுக்குப் போயா முழிக்கிற? என் நாத்தனாரக் கூட்டிட்டு வர்றேன். நல்லா கையாட்டுவா. தேர்தல்ல பாத்திருக்கியே.”

“வேண்டாம்.”

“ஒரு மதியம்தானேய்யா.”

“வேண்டாங்க.”

“செத்த நாய்க்குப் பதிலு வேற நாய் படுக்கலாம், வடக்குச் சுவத்துல சூரியன் வரலாம், இது மட்டும் ஆகாதோ?”

“ஆகாது.”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு மணி அடிக்கப் போய்விட்டார். இன்றைக்கு வேண்டியதைவிட அதிகமாகவே அடித்தார்.

பயணிகளிடம் ஆசிரியை ஊரில் இல்லை என்று சொன்னேன். அவர்களில் ஒருவர் விடவில்லை.

“எப்ப வருவாங்க?”

“தெரியல. கப்பல்ல போயிருக்காங்க.”

“எந்தக் கப்பல்?”

“உங்க கப்பல்தான்.”

நான்கு பேரும் மறுபடி மாடியைப் பார்த்தார்கள். பிறகு அவர் மனைவி மூடிய ஜன்னலைப் படம் எடுத்துக்கொண்டார்.

அவர்கள் இப்போது சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். இடையில் மாடிக்குப் போய் ஜன்னலைத் திறந்து பார்த்தேன். கீல் துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டேன். ஜன்னல் இப்போது நன்றாகத் திறக்கிறது. ஆசிரியைதான் கைவசம் இல்லை.

ரெமி


‘பெலிசாந்து’ கப்பல்
லெ ஆவ்ர் துறைமுகம்
செப்டம்பர் 29, திங்கள்

அன்புள்ள ரெமி,

ஒரு விஷயம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

கம்பெனி என்னைக் கரைப்பயணப் பிரிவுக்குத் தலைமையாகப் போடுகிறது. மூன்று வருட ஒப்பந்தம். அந்தக் காலம் முழுவதும் கப்பல் ஆசியப் பக்கம்தான், இங்கே வராது. அக்டோபர் 13தான் லெ ஆவ்ருக்குக் கடைசி வருகை. அன்று கப்பல் கிளம்புவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். பெட்டியைக் கம்பெனியின் துறைமுக முகவர் கொண்டுவந்து தருவார்.

அந்தத் திங்கள்கிழமை எர்பெத்தோவுக்கு ஐந்து பேர் வருகிறோம். நான்கு பேர் பயணிகள். ஐந்தாவது நான். கப்பலைவிட்டு இறங்க அனுமதி கேட்டேன், கேட்ட உடனே கொடுத்துவிட்டார்கள். இத்தனை வருடமாக ஏன் கேட்கவில்லை என்று மேலாளர் வியந்தார். நானும் கூடவே வியந்தேன்.

திரும்பும் வண்டிக்கு எத்தனை பேர் என்று நீதான் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். ஐந்து என்று சொன்னால் நான் திரும்பிப் போய்க் கையெழுத்துப் போடுகிறேன். நான்கு என்று சொன்னால் வண்டியில் எனக்கு இடமில்லை. இடமில்லாதவரை ஓட்டுநர் ஏற்ற மாட்டார், நான் தங்கிவிடுகிறேன்.

‘இரு’ என்று சொல்ல உனக்கு வராது. ‘இருக்கட்டுமா’ என்று கேட்க எனக்கு வராது. அதனால்தான் இந்த ஏற்பாடு. போனில் ஒரு எண்ணைச் சொல்வது உனக்குச் சிரமமில்லை. இதற்குப் பதில் எழுத வேண்டாம். வண்டி வரும்போது தெரிந்துகொள்கிறேன்.

நதேஜ்


எர்பெத்தோ
அதே திங்கள்

அன்புள்ள நதேஜ்,

பதில் எழுத வேண்டாம் என்றாய். ஆகவே இது பதில் அல்ல.

வரும் சனிக்கு அடுத்த சனிக்கிழமை மதியத்துக்குள் போன் செய்துவிடுவேன்.

மாடிப்படியில் ஒரு பலகை ஆடிக்கொண்டிருந்தது, அடித்துவைத்தேன். மழை பெய்கிறது. நீ வருவதால் எதையும் ஏற்பாடு செய்ய வேண்டாம் என்று ஒதிலிடம் சொல்லிவிட்டேன். “ஏற்பாடு ஒண்ணும் இல்லன்னா அவளுக்கு ஊரே அடையாளம் தெரியாதேய்யா” என்றார். நாய் மட்டும் வரும். கூட நான்கு பயணிகள் இருக்கிறார்களே, அவர்களை ஏமாற்றக் கூடாது.

இரு கன்னத்திலும்,
ரெமி


சவுத்தாம்ப்டன், இங்கிலாந்து
அக்டோபர் 14, செவ்வாய்

அன்புள்ள ரெமி,

இதைக் கொண்டுவர யாரும் இல்லை. தபால்தலை ஒட்டியிருக்கிறேன்.

நேற்று நடந்தது உனக்குத் தெரியும், நீயும் அங்கேதான் இருந்தாய். ஆனாலும் என் பக்கத்திலிருந்து எப்படித் தெரிந்தது என்று எழுதிவிடுகிறேன். நாம் பேசிக்கொண்டதை வைத்து நீ எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. “உப்பு போதுமா?” என்றாய், “போதும்” என்றேன். “மழ விட்டுருச்சு” என்றாய், “ஆமா” என்றேன். பதினான்கு நாட்கள் அந்தச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டிருந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது.

மாடிக்குப் போனேன். ஜன்னல் நீ சொன்னபடியே சத்தமில்லாமல் திறந்தது. கீழே நான்கு பயணிகளும் நின்றார்கள், சுல்தான் நடுரோட்டில் படுத்திருந்தது, யாரும் சொல்லாமலேயே ஒதில் மணி அடித்தார். நான் கையசைத்தேன். அவர்கள் படம் எடுத்தார்கள். “நீங்க சொன்னது எல்லாமே நிஜம்!” என்று கீழிருந்து ஒருவர் கத்தினார். எனக்கு ஏதாவது தோன்ற வேண்டும் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு ஊரைச் சுற்றிக் காட்டினேன், மாடியில் குடியிருப்பவள் போலவே. பள்ளிக்கூடச் சுவரில் கடிகாரத்தில் நிழல் இல்லை. மணி என்னவாக வேண்டுமானாலும் இருந்திருக்கலாம்.

வேன் வந்தது. ஓட்டுநர் எர்வே கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்து, “எர்பெத்தோ, அஞ்சு” என்று படித்தார். ஐந்து. என் காதால் கேட்டேன். நீ சுல்தானின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாய். உன் முகத்தைப் பார்த்தேன், அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நீ சொன்ன எண் அதுதான் என்றால் சரி என்று ஏறினேன். “படி பாத்து” என்றாய்.

உட்கார்ந்த பிறகுதான் எர்வே பின்னால் திரும்பித் தலைகளை எண்ணினார்.

“என்ன ரெமி, எல்லா சீட்டுலயும் ஆளு உக்காந்தாச்சு? நாலு ஆளு, ஒரு நாயின்னுதானே சொல்லியிருக்க. எப்பவும் போல லுசியன் வீட்டு வாசல்ல எறக்கிவிடுறதுக்கு.”

நீ கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டாய்.

“பட்டியல்ல இல்லாத உருப்படிய ஏத்துனா என் வேல போயிரும்பா. நாய் வருதா, அம்மா வர்றாங்களா? ஒண்ணு சொல்லு.”

நீ என்னைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். நான்கு பயணிகளும் எங்கள் இருவரையும் பார்த்தார்கள். கப்பலுக்கு நேரமாகிறது என்ற கவலை அவர்களுக்கு, நியாயம்தான், நான்தானே அப்படிப் பயமுறுத்தி வைத்திருக்கிறேன்.

“நாய் இருக்கட்டும்” என்றாய்.

பிராணிக்கும் ஒரு சீட்டு எழுத வேண்டும் என்று ஏப்ரலில் நீ எழுதியிருந்தாய். படித்துச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். மறந்துபோயிற்று. ஆக, நீ சொன்னது நான்குதான். மனிதர்கள் நான்கு பேர். உன்னால் முடியாது என்று நான் எழுதியதை நீ செய்துவிட்டாய்.

எர்வே என்னிடம் கேட்டார். “எறங்கறீங்களாம்மா, போலாமா?” மரியாதையாகத்தான் கேட்டார். நான்கு வருடமாக என்னிடம் யாராவது கேட்க வேண்டும் என்று இருந்த கேள்வி அது. கதவு திறந்துதான் இருந்தது. படி இரண்டே. நான் எழுந்திருப்பேன் என்று காத்திருந்தேன், வேறு யாரோ எழுந்திருப்பதற்காகக் காத்திருப்பது போல. கால் அப்படியே இருந்தது. வலி இல்லை, பயம் இல்லை, கோபம்கூட இல்லை. இருக்கை வசதியாக இருந்தது. உட்கார்ந்துவிட்டால் எனக்கு எழுந்திருக்க வருவதில்லை, ரெமி. இந்தக் கப்பலிலும் நடந்தது அதுதான்.

“போலாம்” என்றேன்.

சாயங்காலம் கையெழுத்துப் போட்டேன். கடைசிப் பேருந்து பாரிஸிலிருந்து பிந்தி வந்ததால் அறிவிப்பை இரண்டு முறை வாசிக்க வேண்டியிருந்தது. கப்பல் காத்திருக்காது என்று இரண்டு மொழிகளிலும் சொன்னேன். குரல் இன்று மிகவும் தெளிவாக இருந்தது என்று மேலாளர் பாராட்டினார்.

மேசைக்கடியில் மிச்சமிருந்த வரைபடங்களைக் காகிதக் குப்பையில் போட்டுவிட்டேன். இனி யாரும் வந்து நான் சொன்னதைக் கேட்க மாட்டார்கள். திங்கள்கிழமைகளில் கடையை மூடிக்கொள், மற்றவர்களைப் போல. பஃப் மிச்சமிருந்தால் ஒதிலிடம் கொடு. அவரிடம் நான் நன்றி சொல்லவில்லை.

நேற்று ராத்திரி சுல்தான் உன்னிடம்தான் தங்கியிருக்க வேண்டும். லுசியனுக்குச் சொல்லிவிடு, தேடுவார். மாடிக்குக் கூட்டிப் போயிருந்தால் அந்த ஜன்னலைச் சாத்து. நான் திறந்தபடியே விட்டுவிட்டு வந்துவிட்டேன்.

நதேஜ்